சாக்கு மூட்டையும் பின்னிணைப்பும்: பக்கத்து நாடுகளோடு வர்த்தகம் ஏன் இவ்வளவு சிக்கல்?

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போனால் நடக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் லொறி, ஒரு பக்கம் கைவண்டி, நடுவே முதுகில் மூட்டையோடு வழி கேட்டுக் கத்திக்கொண்டு வரும் நாட்டாமிகள். ஏதாவது ஒரு கடைவாசலில் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கி நிற்கும்போது அடுக்கியிருக்கும் சாக்குகளை வாசித்துப் பாருங்கள். சிவப்பு வலைப்பையில் பெரிய வெங்காயம், இந்தியா. செத்தல் மிளகாய், அதுவும் இந்தியா. உருளைக்கிழங்கு, பாகிஸ்தான். டின் மீன், சீனா. பால்மா, நியூசிலாந்து. உள்ளே ஒரு மூலையில் மாசி, மாலைதீவு.

போன மாதம் நான் ஒதுங்கி நின்ற கடையில் பருப்பு மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நானா, இது எந்த நாடு?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஒஸ்ட்ரேலியா தம்பி. சாக்குல போட்டிரிக்கே."

"பக்கத்துல இந்தியா இருக்க, பருப்பு அவ்வளவு தூரத்துல இருந்தா வருது?"

"அவங்களே அங்க இருந்து வாங்கித்தானே தின்றாங்க!"

நானா பொருளியல் படித்தவர் அல்ல. ஆனால் தெற்காசிய வர்த்தகத்தின் முதல் சிக்கலை ஒரு வரியில் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இல்லாதது பெரும்பாலும் பக்கத்து வீட்டிலும் இல்லை. எங்களிடம் மிதமிஞ்சி இருக்கும் தேயிலையும் தைத்த ஆடையும் அவர்களிடமும் மிதமிஞ்சி இருக்கின்றன. மைசூர் பருப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அது வருவதோ கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும்.

உலக வங்கி திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு இது: தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் அவை தமக்குள் செய்துகொள்வது சுமார் 5 சதவீதம்தான். தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளிடையே அது கால்வாசி, ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கும் மேல். 2018-இல் வெளியான அந்த வங்கியின் ஆய்வு ஒன்று, 2,300 கோடி டொலராக இருக்கும் தெற்காசிய உள்வர்த்தகம் தடைகள் நீங்கினால் 6,700 கோடி டொலராக உயரக்கூடும் என்று மதிப்பிட்டது. ஒரே மாதிரிப் பொருட்களை விளைவிக்கிறோம் என்பது மட்டுமே காரணம் என்றால் அந்த இரண்டாவது எண்ணுக்கு இடமே இல்லை. அப்படியானால் மீதி எங்கே சிக்கிக் கிடக்கிறது? உடன்படிக்கைகளின் முகப்புப் பக்கத்தில் அதற்கு விடை இல்லை. பின்னிணைப்புகளைப் புரட்ட வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்னப் பாடம். வர்த்தகக் கூட்டணி என்று ஒரே வாயால் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல படிகள் இருக்கின்றன. சில பொருட்களுக்கு மட்டும் இறக்குமதித் தீர்வையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது கீழ்ப்படி. பெரும்பாலான பொருட்களுக்குத் தீர்வையே இல்லாமல் செய்வது அடுத்தது. சுதந்திர வர்த்தக உடன்படிக்கை என்பது அதைத்தான். அதற்கும் மேலே போனால், வெளியாரிடமும் எல்லோரும் ஒரே தீர்வை வாங்குகிற சுங்க ஒன்றியம். பிறகு ஆட்களும் முதலும் தடையின்றிப் போய்வருகிற பொதுச் சந்தை. கடைசியில் ஒரே நாணயம். ஐரோப்பியர்கள் 1951-இல் ஆறு நாடுகளின் நிலக்கரியையும் உருக்கையும் வைத்துத் தொடங்கி, 1957-இல் ரோமில் கையெழுத்திட்டு, 1968-இல் சுங்க ஒன்றியமாகி, 1993-இல் ஒற்றைச் சந்தைக்கு வந்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்த ஏணி அது. நாங்கள் இன்னும் இரண்டாவது படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறோம்.

பக்கத்து நாட்டுக்குத் தீர்வையை நீக்குவது எப்போதும் நல்லதுதானா? இல்லை. 1950-இலேயே ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் இதில் ஒளிந்திருக்கும் பொறியைக் காட்டிவிட்டார். ஒரு பற்றரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் அதன் விலை 100 ரூபாய், இந்தியாவில் 120. இரண்டுக்கும் 30 சதவீதத் தீர்வை என்றால் கொழும்பில் ஜப்பான் சரக்கு 130, இந்தியச் சரக்கு 156. ஜப்பானைத்தான் வாங்குவோம். இப்போது இந்தியாவுக்கு மட்டும் தீர்வை இல்லை என்றால் அது 120-க்குக் கிடைக்கும்; வாங்குகிறவருக்குப் பத்து ரூபாய் இலாபம். ஆனால் திறைசேரிக்கு வந்துகொண்டிருந்த 30 ரூபாய் போய்விட்டது. நாடு வெளியே அனுப்பும் பணமும் 100-இலிருந்து 120 ஆகிவிட்டது. மலிவாக விற்பவனிடமிருந்து சலுகை பெற்றவனிடம் வியாபாரம் திசைமாறிவிட்டது, அவ்வளவுதான். இதற்கு மாறாக, உள்ளூரில் அதிக செலவில் செய்துகொண்டிருந்த ஒன்றைப் பக்கத்து நாட்டிலிருந்து மலிவாக வாங்கத் தொடங்கினால் அது உண்மையான ஆதாயம். எந்த உடன்படிக்கையிலும் இந்த இரண்டும் கலந்துதான் வரும். எது எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று மேடையில் அடித்துப் பேசுகிறவர்களிடம் "எந்தப் பொருளுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தண்ணீர் குடிப்பார்கள்.

சார்க் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அதில் நடந்ததே சுருக்கம்தான். 1985 டிசெம்பரில் டாக்காவில் தொடங்கிய, இப்போது எட்டு நாடுகள் உள்ள தெற்காசிய அமைப்பு. வர்த்தகச் சலுகை என்ற பேச்சை உச்சிமாநாட்டில் முதலில் எடுத்தது இலங்கை. 1991-இல் கொழும்பில் நடந்த ஆறாவது உச்சிமாநாட்டில். அதிலிருந்து 1993-இல் சாப்டா என்ற தீர்வைச் சலுகை உடன்படிக்கை வந்தது. 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் சாஃப்டா என்ற சுதந்திர வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாகி 2006-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாடும் "இதைத் தொடாதே" என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டது. தொடக்கத்தில் இந்தப் பிராந்தியத்துக்குள் நடந்த இறக்குமதியில் பாதிக்கும் மேல் அந்தப் பட்டியல்களுக்குள் அடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டியலைத் தரகரிடம் கொடுத்தனுப்புவது போல.

அப்புறம் இந்திய-பாகிஸ்தான் விவகாரம். 2014-இல் காத்மண்டுவில் நடந்ததுதான் கடைசி உச்சிமாநாடு. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, காஷ்மீரின் உரி இராணுவ முகாம் தாக்கப்பட்ட பிறகு நின்றுபோனது. 2019 பெப்ரவரியில் இந்தியா பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீதத் தீர்வை போட்டது. அந்த ஓகஸ்டில் பாகிஸ்தான் வர்த்தகத்தையே நிறுத்தியது. இரண்டு பெரியவர்களும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் மற்ற ஆறு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் கொழும்புக்கு ஒரு வசதி உண்டு. சண்டை பிடிக்கிற இருவரோடும் தனித்தனியே உடன்படிக்கை வைத்திருக்கிற நாடு இது. பாகிஸ்தானோடு செய்துகொண்டது 2005 ஜூனில் அமுலுக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி வெற்றிலை. குருநாகல் பக்கத்துத் தோட்டங்களில் கிள்ளுகிற வெற்றிலை கராச்சிக்குப் போகிறது. அதற்கென்று உடன்படிக்கையில் தனி அளவே ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து இங்கே பாஸ்மதி வருகிறது. கொழும்புக் கல்யாண வீட்டு பிரியாணிக்கும் கராச்சிப் பான் கடைக்கும் நடுவே ஓர் அரசாங்க ஆவணம் இருக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் பாடம் படிக்க வேண்டியது இந்தியாவோடு செய்த உடன்படிக்கையில்தான்.

வனஸ்பதி வந்த வழி

இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசெம்பர் 28-இல் புதுடில்லியில் கையெழுத்தானது. வாஜ்பாயும் சந்திரிகாவும் ஆட்சியில் இருந்த காலம். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சின்ன நாடு என்பதால் இலங்கைக்குக் கூடுதல் அவகாசம்: இந்தியா தன் தீர்வைகளை மூன்று வருடத்தில் நீக்க வேண்டும், இலங்கைக்கு எட்டு வருடம். விலக்குப் பட்டியலில் இந்தியா 429 பொருட்களை வைத்தது, இலங்கை 1,180. மேலோட்டமாகப் பார்த்தால் எங்கள் பக்கம்தான் இலாபம்.

இப்போது பின்னிணைப்புக்கு வருவோம். தேயிலைக்குச் சலுகை உண்டு, ஆனால் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ மட்டும். ஆடைக்கு உண்டு, ஆனால் 80 இலட்சம் உருப்படிகள் மட்டும். அதிலும் 60 இலட்சம் அப்போது இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டியிருந்தது. அத்தோடு குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாகத்தான் இறக்கலாம் என்றும் விதி இருந்தது. எங்களிடம் விற்கத் தோதாக இருந்தவை தேயிலையும் உடுப்பும்தான். இரண்டுக்கும் கதவைத் திறந்து, சங்கிலியையும் மாட்டி வைத்தார்கள். முதல் வருடங்களில் அந்த ஒதுக்கீட்டின் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது.

ஆனாலும் ஏற்றுமதி ஏறியது. 1999-இல் இந்தியாவுக்கு இலங்கை விற்றது சுமார் 5 கோடி டொலருக்கு. 2005-இல் 55 கோடி. பத்து மடங்குக்கு மேல்! அப்போது இதை வெற்றிக்கதையாக எழுதாத பத்திரிகை இல்லை. எதை விற்றோம் என்று பார்த்தால்தான் கதையின் அடுத்த பக்கம் தெரியும். ஏறத்தாழ பாதி, இரண்டே பொருட்கள்: வனஸ்பதியும் செம்பும். இலங்கையில் செம்புச் சுரங்கம் கிடையாது. வனஸ்பதிக்கு வேண்டிய பாம் எண்ணெயும் இங்கே அந்த அளவுக்கு விளைவதில்லை.

நடந்தது இதுதான். பாம் எண்ணெய்க்கு இந்தியாவில் தீர்வை மிக அதிகம், இலங்கையில் குறைவு. இந்திய முதலாளிகள் சிலர் இங்கே வந்து தொழிற்சாலை போட்டார்கள். மலேசியா பக்கத்திலிருந்து எண்ணெயை இறக்கி, அதை வனஸ்பதியாக்கி, "இலங்கைத் தயாரிப்பு" என்ற சான்றிதழோடு தீர்வையில்லாமல் இந்தியாவுக்கு ஏற்றினார்கள். செம்பிலும் இதே கணக்கு. பழைய செம்பு வந்து உருகிக் கம்பியாகப் போனது. சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. ஒரு பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் இங்கே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்திய மூலப்பொருள் 10 சதவீதம் கலந்திருந்தால் இங்கே 25 போதும். அந்த விதியைக் காகிதத்தில் நிறைவேற்றினார்கள்.

இந்தியாவின் வனஸ்பதி உற்பத்தியாளர்கள் சும்மா இருப்பார்களா? கூச்சல் எழுந்தது. வருடத்துக்கு இரண்டரை இலட்சம் தொன் என்று உச்சவரம்பு வந்தது, இறக்குமதி வழியும் இறுக்கப்பட்டது. இந்தியா தன் பாம் எண்ணெய்த் தீர்வையையும் குறைக்கக் குறைக்க, கணக்கு உதைத்தது. தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 2009-இல் இந்தியாவுக்கான ஏற்றுமதி 33 கோடி டொலருக்கும் கீழே வந்து நின்றது. அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களைப் பற்றி எந்த வெற்றிக்கதையும் பிறகு எழுதப்படவில்லை.

சுதந்திர வர்த்தக உடன்படிக்கைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் உறைக்கும். ஒன்றியத்தில் எல்லோருக்கும் வெளித்தீர்வை ஒன்று. பின்வாசல் என்று ஒன்று இருக்காது. உடன்படிக்கையில் ஒவ்வொருவருக்கும் தனித் தீர்வை. அதனால் குறைந்த தீர்வை உள்ள வீட்டுப் பின்வாசலால் நுழைந்து அடுத்த வீட்டுக்குப் போக எப்போதும் ஆள் இருக்கும். அதைத் தடுக்கத்தான் "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்ற கேள்வி. கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் இருக்கும் வர்த்தகத் திணைக்களம் கொடுக்கும் சான்றிதழ் அதற்கான பதில். அந்தத் தாளின் மேல் இந்தியச் சுங்கத்துக்கு நம்பிக்கை இருக்கும் வரைதான் உடன்படிக்கைக்கு உயிர்.

அந்த நம்பிக்கை மிளகில் இன்னொரு முறை அடி வாங்கியது. வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகாக மாறி, இந்தியாவுக்குப் போகிறது என்று கேரளத்து விவசாயிகள் வருடக்கணக்காகப் புகார் சொன்னார்கள். 2017 டிசெம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குவதற்குத் தடை போட்டது. குறுக்கு வழியில் காசு பார்த்தவர்கள் சிலர். அடி விழுந்ததோ மாத்தளையில் உண்மையாகவே மிளகு காய வைத்தவர்களுக்கும் சேர்த்து. அந்த மனக்குறை இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

சரி, எங்கள் பக்கம் யோக்கியமா? அதுவும் இல்லை. இந்தியச் சரக்குக்குச் சுங்கத் தீர்வை இல்லை என்று உடன்படிக்கை சொல்லும். ஆனால் செஸ் என்று ஒரு வரி உண்டு, துறைமுக விமானநிலைய அபிவிருத்தி வரி என்று இன்னொன்று. தீர்வை என்ற பெயரில் வராததால் இவற்றைப் பற்றி உடன்படிக்கைக்குக் கவலை இல்லை. வெங்காயம், கிழங்கு, பருப்பு போன்றவற்றுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வர்த்தமானியில் இரவோடிரவாக மாறும். நுவரெலியாவிலோ வெலிமடையிலோ கிழங்கு அறுவடை என்றால் ஏறும். பண்டிகை வந்தால் இறங்கும். நான்காம் குறுக்குத் தெருவில் வர்த்தமானி வெளிவரும் நேரத்தைச் சிலர் மழை வரும் நேரத்தை விடக் கவனமாகப் பார்க்கிறார்கள். தம்புள்ளை வெங்காய விவசாயியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாளைக்கு அறவீடு எவ்வளவு என்று தெரியாத ஒருவர் கொள்கலனுக்கு முற்பணம் கட்டுவது சூதாட்டம் மாதிரித்தான்.

விளைவு வேடிக்கையானது. இந்தியாவுக்கு நாம் அனுப்புவதில் பாதிக்கும் மேல் அந்த உடன்படிக்கையின் சலுகையில்தான் போகிறது. இந்தியா இங்கே அனுப்புவதில் மிகச் சிறு பங்கே சலுகையைக் கேட்கிறது. மற்றதெல்லாம் சாதாரண வழியிலேயே வருகிறது. எரிபொருள், மருந்து, துணி போன்றவற்றுக்குச் சலுகையே தேவைப்படுவதில்லை. "அந்த உடன்படிக்கையால்தான் இந்தியச் சரக்கு வெள்ளமாக வருகிறது" என்ற குற்றச்சாட்டு இந்தக் கணக்கோடு ஒட்டாது.

தீர்வை இல்லாத இடத்திலும் சிக்கல் வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் அனுபவத்தைச் சொல்லலாம். வத்தளையில் பிஸ்கட், முறுக்கு வகைகள் செய்கிறார். சென்னைக்கு ஒரு சிறிய தொகை அனுப்பிப் பார்த்தார். சான்றிதழ் சரி, தீர்வையும் இல்லை. ஆனால் உணவு மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி முடிவு வரும் வரை சரக்கு கிடங்கில். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் ஒரு விபரம் அவர்கள் கேட்ட முறையில் இல்லை என்று இன்னும் சில நாள். கடைசியில் கிடங்கு வாடகை முறுக்கின் இலாபத்தைத் தின்றுவிட்டது. "தீர்வை போட்டிருந்தாக் கூடக் கட்டிட்டுப் போயிருப்பேன் அண்ணை, இந்தக் காத்திருப்புக்கு என்ன செய்யிறது?" என்றார். இங்கே செய்யும் சோதனையை அங்கே ஏற்றுக்கொள்வது என்ற ஒரு வரி பல தீர்வைக் குறைப்புகளை விடப் பெறுமதியானது. அதைப் பேசி முடிப்பதுதான் கஷ்டம்.

கையெழுத்து விழாத மேசை

இந்தியாவோடு பொருட்களைத் தாண்டி சேவை, முதலீடு என்று போக எடுத்த முயற்சிகள் எல்லாம் கொழும்பிலேயே முட்டி நின்றிருக்கின்றன. சீபா என்ற உடன்படிக்கை 2008 ஓகஸ்டில் இங்கே சார்க் உச்சிமாநாடு நடந்தபோது கையெழுத்தாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். உள்ளூர் வர்த்தகர்களின் எதிர்ப்பில் அது நின்றது. 2016-இல் எட்கா என்ற புதுப் பெயரோடு வந்தது. அரச வைத்தியர்களின் சங்கமும் தகவல் தொழில்நுட்பத் துறையினரும் வீதிக்கு வந்தார்கள். பேச்சுவார்த்தை நின்று, 2023-இல் மறுபடி தொடங்கியது.

எதிர்ப்பவர்களை இனவாதிகள் என்று ஒரே கூடையில் போட்டுவிடுவது சுலபம். அந்தச் சாயலும் இருக்கத்தான் செய்தது. "இந்தியர் வந்து குவிந்துவிடுவார்கள்" என்ற பேச்சில் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948-இன் பழைய வாசனை அடித்ததை ஒரு தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இரண்டு கோடிச் சொச்சம் மக்கள் உள்ள நாடு நூற்று நாற்பது கோடியின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைத் திறக்கும்போது தாழ்ப்பாள் எங்கே என்று கேட்பதில் தவறில்லை. என் குறை வேறு. பேசப்படும் வரைவு என்ன என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே காட்டாமல் பேசினால் வதந்திதான் வரைவாகிவிடும். வனஸ்பதியில் நடந்ததை உட்காரவைத்து விளக்கியிருந்தால், கேட்க வேண்டிய கேள்விகளை அவர்களே கேட்டிருப்பார்கள்.

மறுபக்கத்தில், உச்சிமாநாடு இல்லாமல், கொடி இல்லாமல், ஐம்பது வருடமாக வேலை செய்கிற ஒரு கூட்டமைப்பு உண்டு. ஆசியத் தீர்வகச் சங்கம் என்று சொன்னால் வங்கிக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 1974 டிசெம்பரில் தெஹ்ரானில் தொடங்கியது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், ஈரான், நேபாளம், மியன்மார், பூட்டான், மாலைதீவு, இலங்கை இதில் உண்டு. யோசனை மளிகைக் கடைக் கொப்பி மாதிரி: உறுப்பு நாடுகளுக்குள் நடக்கும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அப்போதைக்கப்போது டொலர் அனுப்பத் தேவையில்லை. மத்திய வங்கிகள் எழுதி வைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவையும் கொடுக்க வேண்டியதையும் கழித்து மீதியை மட்டும் தீர்க்கும்.

2022-இல் டொலர் இல்லாமல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது இந்தக் கொப்பி உதவியது. கட்ட வேண்டிய மீதியைப் பின்னர் தரலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி தள்ளிப்போட்டது. கூடவே 40 கோடி டொலர் நாணயப் பரிமாற்றம், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி கடன்வசதி, எரிபொருளுக்கு 50 கோடி. எல்லாம் சேர்த்து சுமார் 400 கோடி டொலர். பங்களாதேஷும் 2021-இல் 20 கோடி கொடுத்திருந்தது. 2023-இல் அதைத் திருப்பினோம். இவற்றில் எதுவும் சாஃப்டாவின் கீழ் வந்ததல்ல.

அதே 2022 மார்ச் 30-இல் கொழும்பு பிம்ஸ்டெக் உச்சிமாநாட்டை நடத்தியது. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகள். 1997-இல் பாங்கொக்கில் தொடங்கியது. பாகிஸ்தான் இல்லை என்பதால் இந்தியாவுக்கு இதில் ஆர்வம் அதிகம். தலைவர்கள் காணொளியில் வந்தார்கள், அமைப்பின் சாசனம் அன்றுதான் கையெழுத்தானது, அதாவது பிறந்து இருபத்தைந்து வருடம் கழித்து. வெளியே நகரத்தில் பத்து மணித்தியால மின்வெட்டு. மறுநாள் இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டருகே மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பிம்ஸ்டெக்கின் சுதந்திர வர்த்தகத்துக்கான சட்டகம் 2004-இல் கையெழுத்தானது. அந்த உடன்படிக்கை இன்னும் முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

கிழக்கே பார்த்தால் வேறு காட்சி. ஆசியான் பத்தும் சீனா, ஜப்பான், தென் கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்தும் சேர்ந்து 2020 நவம்பரில் ஆர்செப் என்ற வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியா ஒரு வருடம் முன்பே எழுந்து போய்விட்டது. இலங்கை 2023-இல் உள்ளே வர விண்ணப்பித்தது. சிங்கப்பூருடனான உடன்படிக்கை 2018-இலிருந்து இருக்கிறது. தாய்லாந்தோடு 2024 பெப்ரவரியில் கையெழுத்தானது. ஆர்செப்பின் கவர்ச்சி தீர்வைக் குறைப்பில் இல்லை. ஒரு நாட்டு நூல், இன்னொரு நாட்டுத் துணி, மூன்றாவது நாட்டுத் தையல் எல்லாவற்றையும் "எங்கள் ஊர்ச் சரக்கு" என்று சேர்த்துக் கணக்கிடலாம் என்ற விதியில் இருக்கிறது. துணியை வெளியே வாங்கித் தைக்கிற நாட்டுக்கு அந்த ஒரு விதி உயிர்நாடி.

இந்த அவசரத்துக்குக் காரணம் தூரத்து வாடிக்கையாளர்கள். எங்கள் ஏற்றுமதியில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. 2025 ஏப்ரலில் அங்கே 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்தபோது கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயங்களில் நின்ற பயம் சாதாரணமானதல்ல. பிறகு அது 30 ஆகி, ஓகஸ்டில் 20-க்கு இறங்கியது. ஐரோப்பாவின் ஜீஎஸ்பி பிளஸ் தீர்வைச் சலுகை 2010-இல் போய் 2017-இல் திரும்பியது. தூரத்து உறவு ஒரு கடிதத்தில் முறியலாம் என்று தெரிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவு ஞாபகத்துக்கு வருகிறது.

துறைமுகமும் வெங்காயமும்

காலிமுகத்திடலில் மாலையில் இஸ்ஸோ வடை தின்றுகொண்டு வடக்கே பார்த்தால் பாரந்தூக்கிகளின் வரிசை தெரியும். தெற்காசியப் பொருளாதார ஒருங்கிணைப்பு கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான். 2024-இல் கொழும்புத் துறைமுகம் கையாண்டது, இருபது அடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 78 இலட்சம். பெரும்பகுதி இலங்கைக்கு வருவதும் அல்ல, இலங்கையிலிருந்து போவதும் அல்ல. பெரிய கப்பலில் வந்து இங்கே இறங்கி, சின்னக் கப்பலில் ஏறி, பெரும்பாலும் இந்தியத் துறைமுகங்களுக்குப் போகிறவையும் அங்கிருந்து வருகிறவையும்தான். எந்த வர்த்தக உடன்படிக்கையும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆழமும் இருப்பிடமும் செய்தன.

ஒரு முனையத்தைச் சீன நிறுவனம் நடத்துகிறது; மேற்கு முனையத்தில் அதானி, ஜோன் கீல்ஸ், துறைமுக அதிகாரசபை கூட்டாக 2025 ஏப்ரலில் வேலையைத் தொடங்கின. அதே வருடம் மே 2-இல் கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தை மோடி திறந்துவைத்தார். அதை நடத்துவதும் அதானி. தங்கள் பெட்டி கொழும்பில் ஏன் இறங்கி ஏற வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியா கட்டிய பதில் அது. ஒரே நிறுவனம் இரண்டு பக்கமும் நிற்கிறது. பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கட்டணமும் காத்திருக்கும் நேரமும் தீர்மானிக்கும்.

மறுபடி நானாவின் கடைக்கு வருவோம். 2023 டிசெம்பரில், உள்நாட்டில் விலை ஏறுகிறது என்று இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரு வாரத்தில் புறக்கோட்டையில் விலை எகிறியது. சாம்பாரில் வெங்காயத்தைத் தேடிப்பார்க்க வேண்டிய நிலை வெள்ளவத்தை சைவக் கடைகளில் வந்தது. 1998-இன் உடன்படிக்கை இந்தியா விற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 தொன் அனுப்பலாம் என்று டில்லியிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. புதுவருடத்தை ஒட்டிக் கிடைத்த அந்த வெங்காயம் உரிமையில் வந்ததல்ல, கேட்டு வாங்கியது. மே மாதத்தில் தடை எல்லோருக்கும் நீங்கியது.

"அந்த நேரம் எங்கிருந்து எடுத்தீங்க நானா?" என்று கேட்டேன்.

"பாகிஸ்தான். கொஞ்சம் சீனா. சீனா வெங்காயம் பெரிசு, நம்ம பொம்புளைகளுக்குப் புடிக்காது."

சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தார். வட்ஸ்அப்பில் அன்றைக்கு இந்தியாவின் நாசிக் சந்தையில் வெங்காயம் போன விலை வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வாசலில் தொங்கிய பலகையில் காலையில் எழுதிய விலையைக் கையால் அழித்துச் சுண்ணக்கட்டியைத் தேடினார்.